பி பக்கம், பதினேழாவது நிமிஷம்

மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். அந்தப் பெட்டி பாடாது, பேசாது, படம் காட்டாது. முன்பக்கம் ஒரு திருகு, ஒரு சிவப்பு விளக்கு, ஹெட்ஃபோனைச் சொருக ஒரு ஓட்டை. டேப் டெக்கிலிருந்து ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் சத்தத்தை வாங்கி, கொஞ்சம் தெம்பு ஏற்றி, காதுக்கு அனுப்பும். அதற்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

“இதுக்கா மூவாயிரத்து எண்ணூறு?” என்று சாருலதா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தொண்ணூற்றேழாம் வருஷத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு கிரைண்டர் வரும். அது மாவாவது அரைக்கும்.

“வாங்கலை. ஒரு வாரம் வெச்சுக் கேட்டுப் பார்க்கச் சொல்லிக் குடுத்திருக்கான்” என்றார் அவள் கணவர் ஸ்ரீனிவாசராகவன்.

“இப்ப கேக்கறது போறாதாக்கும்? அதைக் காதுல மாட்டிண்டா ஆத்துல மனுஷா கிட்ட வர முடியலை. பின்னாடி வந்து நின்னாலே கையைத் தூக்கி உஷ்ங்கறேள்.”

“நான் எப்ப உஷ்னேன்? கையைத்தான் தூக்குவேன்.”

“சரி, எனக்குத்தான் காதுல கோளாறு” என்று சாருலதா குக்கரைக் கவனிக்கப் போய்விட்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் எந்தச் சண்டையை எங்கே விட வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

சித்திரக்குளத்தை ஒட்டிய அந்தத் தெருவில் ஸ்ரீனிவாசராகவனுக்குச் சங்கீதப் பைத்தியம் என்று பெயர். மயிலாப்பூரில் அது கௌரவமான வியாதி. யாரும் வைத்தியம் பார்க்கச் சொல்ல மாட்டார்கள். எண்பத்தைந்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் லோன் போட்டு ஜப்பான் டெக் வாங்கினார். அப்புறம் அதில் டேப் உரசும் ஹெட்டைத் துடைக்க ஒரு திரவம், அப்புறம் தடியான ஒயர், போன மாதம் கோடம்பாக்கத்தில் இழுத்து மூடிய ஒரு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து ஒரு பழைய ஜெர்மன் ஹெட்ஃபோன். ஒவ்வொன்றும் சங்கீதத்துக்காக என்று ஊர் நம்பியது. ஊர் நம்புவது சௌகரியமாக இருந்ததால் அவரும் திருத்தவில்லை. அத்தனையும் ஒரே ஒரு கேசட்டுக்காக. அதிலும் பி பக்கத்தில், பதினேழாவது நிமிஷத்தில், அரை நிமிஷம்கூடத் தேறாத ஓர் இடத்துக்காக.

கோடம்பாக்கத்து ஹெட்ஃபோன் அவரை நன்றாக ஏமாற்றியது. டெக்கில் சொருகித் திருகை முழுசாகத் திருப்பினாலும் சத்தம் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கேயோ கேட்டது. அதைத் தூக்கிக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போனார். இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் சந்தில் அப்துல் சமத்தின் கடை. கல்யாண மண்டபங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுப்பது சமத்தின் பிழைப்பு. காதுக்குச் செய்வது ஆசைக்கு.

“இது ஸ்டுடியோ சாமான் சார்” என்றார் சமத், ஹெட்ஃபோனைக் கையில் எடை பார்த்தபடி. “பெரிய வூட்டுப் பொண்ணு மாதிரி. உன் டெக்கு குடுக்கற சோறு இதுக்குப் பத்தாது. தனி ஆம்ப் வோணும். ஒண்ணு ரெடியா கீது. கேட்டுப் பாரு.”

“அதுல போட்டா, டேப்புல இதுவரைக்கும் கேக்காதது கேக்குமா?”

சமத் சிரித்தார். “இன்னா சார், ஜின்னு வேலையா இது? டேப்புல கீறதுதான் வரும். இல்லாதது வராது. ஆனா அடியில அமுங்கிக்கினு இருந்தா மேல வரும்.”

“என்கிட்ட ஒரு பழைய டேப் இருக்கு. ஒரு இடத்துல பேச்சுக் குரல் வரது. அதுக்கு மேல டேப் இரைச்சல் ஏறிடறது.”

“ஏறிடுதா?” சமத் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். “டேப்பு இரைச்சல் ஏறாது, இறங்காது சார். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரிக்கும் ஒரே சீரா ஓடிக்கினே இருக்கும், ஃபேன் சத்தம் மாதிரி. நடுவுல ஆரம்பிச்சு நடுவுல நின்னா அது டேப்பு இல்ல. வேற இன்னாவோ. எடுத்துக்கினு போ, ஞாயித்துக்கெழமை வரிக்கும் கேளு. ஒர்த்துன்னா துட்டு குடு, இல்லாங்காட்டி பொட்டியக் குடு. வடபழனி ஆள் ஒருத்தரும் கேட்டுக்கினு இருக்காரு.”

அந்த ‘வேற இன்னாவோ’ பஸ்ஸில் அவர் கூடவே வந்தது.

எழுபத்தேழு டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ரேடியோவில் ஒரு பெரியவரின் வீணைக் கச்சேரி. அந்தக் காலத்தில் ரேடியோவை டேப் செய்வதென்றால் லேசுப்பட்ட காரியமல்ல. ரேடியோவுக்கு முன்னால் ஒரு ஸ்டூல், அதன் மேல் மடித்த துண்டு, துண்டின் மேல் மைக். ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சோக் இரையும் என்று டியூப்லைட்டையும் அணைத்து, காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கி, வீட்டில் இருப்பவர்களை ஏதோ எழவு விழுந்த மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்காரவைக்க வேண்டும். தும்மினால்கூட அது காலத்துக்கும் சஹானா ராகத்தோடு சேர்ந்துகொள்ளும். இருபத்தொன்பது வயது ஸ்ரீனிவாசராகவன் இதில் கண்டிப்பான பேர்வழி. உறவுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுப் பக்கம் வரவே யோசிப்பார்கள்.

அன்று வீட்டில் அவரும் அண்ணா கிச்சாவும் மட்டும். மன்னி விஜயலக்ஷ்மி திருவல்லிக்கேணியில் தன் பிறந்தகத்துக்குப் போயிருந்தாள். கிச்சாவுக்கு நந்தனத்தில் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு மூன்று மாதமாக ஆள் ஒரு மாதிரி இருந்தான். சாப்பிடுவான், போவான், வருவான், ஜன்னலோரம் உட்காருவான். “என்னண்ணா?” என்றால் “ஒண்ணுமில்லை.” அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்தான்.

வீணை சஹானாவில் நடமாடிக்கொண்டிருந்தபோது கிச்சா ஹாலுக்கு வந்தான். ஸ்ரீனிவாசராகவன் திரும்பவில்லை. வலது கையை மட்டும் தூக்கினார். கச்சேரி முடிந்து விளக்கைப் போட்டபோது வாசல் கதவு திறந்திருந்தது. கிச்சாவின் செருப்பைக் காணவில்லை. குடை இருந்தது, கைக்கடிகாரம் மேஜை மேல் இருந்தது. கிச்சா அப்புறம் வரவே இல்லை.

மறுநாள் காலை திருவல்லிக்கேணியிலிருந்து ஓடிவந்த மன்னி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “போறச்சே ஏதாவது சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லலை மன்னி.”

போலீஸிலும் அதையேதான் சொன்னார். பேப்பரில் விளம்பரம் கொடுத்தபோதும், ஜோசியர்கள் கேட்டபோதும், வருஷா வருஷம் ஒரு மாமா வந்து துருவியபோதும் அதே வார்த்தைதான். முதல் வருஷம் அது பொய் என்று அவருக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்து அந்த வீணைப் பெரியவர் காலமானார். எல்லோரும் அந்தக் கச்சேரி டேப் வேண்டும் என்றார்களே என்று முதல் தடவையாகக் கவனமாகப் போட்டார். சஹானாவுக்கு நடுவில் கதவு கிறீச்சிட்டது. ஒரு காலடி. பிறகு மெதுவாக, “சீனு.”

அவரைச் சீனு என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தான். மற்ற எல்லோருக்கும் அவர் ராகவன். சீனுவுக்கு அப்புறம் குரல் ஏதோ சொன்னது. அதன் மேல் உஸ்ஸென்று ஓர் இரைச்சல் கவிந்து, விலகியபோது பேச்சு முடிந்திருந்தது.

அதைப் போய் மன்னியிடம் எப்படிச் சொல்வது? முழுசாகத் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று நினைத்தார். நல்ல டெக் வந்தால் கேட்கும், ஹெட் சுத்தமானால் கேட்கும். இப்படியே பத்தொன்பது வருஷம். மாடியில் மன்னி பள்ளிக்கூடக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டு இருந்தாள். பெங்களூரில் அவள் தம்பி தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சினான். “வந்தா இங்கதானே வருவார்” என்று மறுத்துவிட்டாள். நெற்றியில் குங்குமம் ஒரு நாள் தவறியதில்லை. அவளை மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் ஸ்ரீனிவாசராகவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பயம்தான். அவள் இன்னொரு தடவை கேட்டுவிடுவாளோ என்ற பயம். அவள் கேட்டதே இல்லை.

சமத்தின் பெட்டி வந்த முதல் நான்கு நாளும் அவர் அந்தக் கேசட்டைத் தொடவில்லை. கண்ட கண்ட கச்சேரிகளைப் போட்டுக் கேட்டார். பெட்டி சொன்னபடி கேட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். மிருதங்கக்காரர் மடியைச் சரிசெய்வது கேட்டது. பாடகர் எச்சில் விழுங்குவது கேட்டது. சபாவில் மூன்றாவது வரிசையில் யாரோ முறுக்குக் கடித்தது கேட்டது. இவ்வளவு கேட்டால் அதுவும் கேட்கும். அது புரிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டார்.

அதைப் போட்டுக் கேட்பதற்கு முன்பே குரல் கேட்கவும் ஆரம்பித்துவிட்டது. லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னால் “சீனு.” திரும்பினால் ஒரு பூக்காரி. ஆபீஸ் லிஃப்டில் “சீனு.” முகம் கழுவிக் கண்ணைத் துடைக்கும் முன் அந்த இரண்டு எழுத்து, அதே அளவு, அதே மெதுவு. பட்டப்பகலில் இதெல்லாம். அந்த டேப் ஒரே மைக்கில் பிடித்தது. ஹெட்ஃபோனில் போட்டால் குரல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வராது, நேரே மண்டைக்குள் நடுமையத்தில் உட்கார்ந்து பேசும். அதனாலோ என்னவோ, காதிலிருந்து கழற்றிய பிறகும் அது இறங்க மாட்டேன் என்றது. பாட்டுக் கேட்கும் நாற்காலியை அவர் என்றைக்கோ சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். பின்னால் ஆள் நிற்க இடமில்லாமல். சாருலதா கேட்டதற்கு, எதிரொலிக்கு அதுதான் நல்லது என்று ஏதோ அளந்துவிட்டிருந்தார்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டார். சாருலதா அடையாறில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மன்னிக்குப் பள்ளிக்கூடம். மணி இரண்டரை. வெயில் தெருவை ஆளில்லாமல் துடைத்து வைத்திருந்தது. பீரோவிலிருந்து மூலக் கேசட்டை எடுத்தார். தேய்ந்துவிடும் என்று அதை வெளியே எடுப்பதே அபூர்வம். வழக்கமாகக் கேட்பது நகல்தான். பி பக்கத்தைப் போட்டு, ஹெட்ஃபோனை மாட்டி, பெட்டியின் திருகை மெல்லத் திருப்பினார்.

பதினாறு நிமிஷம் வீணை. அந்த வீடும் கேட்டது. எழுபத்தேழாம் வருஷத்து வீடு, சுவர்க் கடிகாரமும், சமையலறைக் குழாய்ச் சொட்டும், சாத்திய ஜன்னலுக்கு அப்பால் ஒரு சைக்கிள் மணியும். எல்லாவற்றுக்கும் அடியில் டேப் இரைச்சல், சமத் சொன்ன மாதிரி, ஏறாமல் இறங்காமல்.

கதவுக் கீல். காலடி. இதுவரை ஒன்று என்று நினைத்திருந்தது நான்கு. நாலடி வைத்து நின்றான் கிச்சா. செருப்பு போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறான், வீட்டுக்குள்.

“சீனு.”

அப்புறம் அந்த உஸ். அடியில் டேப் இரைச்சல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இது அதற்கு மேல், தனியாக, வெடுக்கென்று ஆரம்பித்து, நீண்டு, நின்றது. நின்றதும் மைக்குக்கு வெகு பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மைக்குப் பக்கத்தில் அன்று உட்கார்ந்திருந்தது ஒரே ஆள்தான்.

பத்தொன்பது வருஷமாக ஹெட்டைத் துடைத்து, ஒயரை மாற்றி, எந்த இரைச்சலை விலக்கப் பார்த்தாரோ அது அவர் வாய்.

கிச்சா சொன்ன வார்த்தைகள் இப்போதும் பிடிபடவில்லை. மூன்று நான்கு வார்த்தை இருக்கும், அவருடைய உஷ்ஷுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. முடிவில் குரல் மேலே போனது மட்டும் தெரிந்தது. கேள்வி. அவன் ஏதோ கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு உடனே போய்விட்டான் என்றுதான் அவர் இத்தனை நாளும் எண்ணியிருந்தார். இல்லை. வீணை ஒரு சுற்றுப் போய் வந்தது. பின்னால் ஒருவன் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பது கேட்டது. திருப்பிப் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது விநாடி. ஒன்பது விநாடி பதிலுக்காக நின்றுவிட்டு, அப்புறம்தான் நாலடி.

ஹெட்ஃபோனைப் பிடுங்கிவிட்டுத் திரும்பினார். சுவர். சுவரில் ஒரு காலண்டர். அவ்வளவுதான் இருந்தது. அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது. ஐம்பதை நெருங்கும் மனுஷனுக்கு வரும் வெட்கம், காது மடல் வரைக்கும் சுட்டது. ஒரு வீணைக்காக, ஒரு டேப்புக்காக, கூடப்பிறந்தவனை உஷ்ஷென்று அடக்கியிருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். காலி வீட்டில் அது ரொம்பச் சத்தமாகக் கேட்டது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் டெக் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை ராத்திரிக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. யாராவது கேட்டால் விலை கட்டுப்படியாகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பெட்டி போனால் அந்த மூச்சு போகும், ஒன்பது விநாடி போகும், உஷ் மறுபடி டேப் இரைச்சலாகிவிடும். வடபழனி ஆள் அதில் சினிமாப் பாட்டுக் கேட்டுச் சந்தோஷமாக இருக்கட்டும். மன்னியிடம் சொன்ன வார்த்தை இருபது வருஷம் உழைத்துவிட்டது. மிச்ச நாளுக்கும் உழைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியை அதன் அட்டைக்குள் வைத்துச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தபோது மன்னி பேப்பர் எடுத்துப் போகக் கீழே வந்தாள். ஐம்பது வயது. தலை பாதி நரைத்திருந்தது.

“திருப்பிக் குடுத்துடப் போறேளாமே. சாரு சொன்னா.”

“ஆமாம் மன்னி.”

“நன்னா கேக்கலையா?”

இரண்டே வார்த்தை. நன்னா கேக்கலை என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். அவள் பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள். அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் கேள்வி கேட்டுவிட்டு நிற்பது அவருக்குத் தெரிந்தது. மூச்சு கேட்டது. விநாடி ஓடிற்று. ஐந்தோ ஆறோ ஆனபோது தாங்க முடியாமல் திரும்பிவிட்டார்.

“மன்னி, செத்த உக்காருங்கோ. நீங்க ஒரு டேப் கேக்கணும்.”

“எனக்கென்ன சங்கீதம் தெரியும்?”

“சங்கீதம் இல்லை.”

நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்து நடு ஹாலில் போட்டார். கட்டை அவிழ்த்து எல்லாவற்றையும் மறுபடி சொருகினார். மன்னி கொண்டையைத் தள்ளிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அந்தப் பெரிய ஸ்டுடியோ சாமானில் அவள் முகம் சின்னதாகிப் போனது. அவர் கேசட்டை அந்த இடத்துக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து பட்டனை அழுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பின்னால் போய் நின்றார்.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஓரிடத்தில் அந்த முதுகு நிமிர்ந்தது. இடது கை மேலே போய்க் காதோடு ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டது. கைக்கடிகாரத்தில் ஒன்பது விநாடி ஓடியதை அவர் பார்த்தார்.

“எப்ப பிடிச்சது இது?” என்றாள், ஹெட்ஃபோனை விலக்காமல், சத்தமாக.

“அண்ணா போன அன்னிக்கு.”

ஒரு காதை மட்டும் விலக்கிக்கொண்டாள். “உஷ்ங்கறது யாரு?”

“நான்தான்.”

“ஒண்ணும் சொல்லலைன்னேளே.”

“ஆமாம் மன்னி. சொன்னேன்.”

சமையலறையில் சாருலதா பாத்திரம் தேய்ப்பது நின்றது. மன்னி அவரைத் திட்டியிருக்கலாம். அவர் அதற்குத் தயாராக நின்றார், வேண்டும் என்றுகூட நின்றார்.

“இன்னொரு தரம் போடுங்கோ” என்றாள்.

போட்டார். இரண்டாவது தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் பெட்டியின் சிவப்பு விளக்கை விரலால் தொட்டாள்.

“இந்தப் பொட்டி இல்லைன்னா இது கேக்காதா?”

“பேர் சொல்லிக் கூப்பிடறது கேக்கும். நிக்கறது கேக்காது.”

“அப்ப திருப்பிக் குடுக்க வேண்டாம்” என்றாள் மன்னி. “மறுபடி போடுங்கோ.”

மூன்றாவது தடவை. வீணை ஓடிக்கொண்டிருந்தது, ஹெட்ஃபோனின் ஓரத்திலிருந்து அது கொசு மாதிரி வெளியே கசிந்தது. இனிமேலும் அடக்கிக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. ஓர் அடி எடுத்து அவள் நாற்காலிக்குப் பின்னால் போய், “மன்னி, அன்னிக்கு நான் மட்டும் திரும்பிப் பார்த்திருந்தா...” என்று ஆரம்பித்தார்.

மன்னி திரும்பவில்லை. வலது கையை மட்டும் தூக்கினாள்.

“உஷ்” என்றாள்.

ஸ்ரீனிவாசராகவன் அவளுக்குப் பின்னாலேயே வாயை மூடிக்கொண்டு நின்றார்.